பவழமல்லியை எண்ணச் சொன்ன பேராசிரியர்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, “தம்பி, இந்த வருஷம் நீதான் பேசணும். உனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைப் பற்றிப் பேசு” என்றார். நம் கல்லூரி ஆசிரியர்களில் ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்த்தாலே பயமாக இருக்கிறது. ஆகவே, நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பொறியியல் பேராசிரியர் அல்ல, உயிரியல் பேராசிரியர். பெயர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்தவர், இந்தியக் குடிமகனாகப் புவனேஸ்வரத்தில் கண்ணை மூடியவர்.

“சிவில் படித்தவனுக்கும் உயிரியல் பேராசிரியருக்கும் என்னடா சம்பந்தம்?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சம்பந்தம் நம் நூலகத்தில் ஆரம்பித்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு மத்தியானம். கட்டுமானப் பாடத்தில் இன்டர்னல் தேர்வில் கோட்டை விட்டிருந்தேன். வெயிலுக்கு ஒதுங்கத்தான் நூலகத்துக்குள் போனேன். நூலகர் ஐயா, “சும்மா தூங்காதே, ஏதாவது எடுத்துப் படி” என்று அதட்டினார். கைக்கு அகப்பட்டது அட்டை கிழிந்த ஒரு பழைய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பு. ஹால்டேன் 1927-ல் வெளியிட்ட ‘பாசிபிள் வேர்ல்ட்ஸ்’. அதில் ஒரு கட்டுரை, ஒவ்வொரு பிராணிக்கும் அதற்கேற்ற அளவு ஏன் இருக்கிறது என்பது பற்றியது.

அவர் சொன்ன விஷயத்தை நம் பாஷையில் சொல்கிறேன். நான்கு கால்களில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம், கால்களின் கனம் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கிவிடுவோம். பார்வைக்கு அதே தொட்டிதான். ஆனால் எடை எட்டு மடங்கு ஆகிவிடும். கால்களின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்பு தாங்கியதைப்போல் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். பத்து மடங்காக்கினால் சுமையும் பத்து மடங்கு. மான் கால் ஒல்லியாகவும் யானைக் கால் தூணாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். தென்னை மரத்து உச்சியிலிருந்து விழுந்த எறும்பு ஒன்றும் நடக்காததுபோல நடந்து போவதும் இதே கணக்கில்தான் வருகிறது. உடல் சிறுக்கும் வேகத்தில் எடை இன்னும் வேகமாகக் குறைந்துவிடுகிறது, அதைத் தடுக்கும் காற்றுக்குப் பரப்பு மிஞ்சி நிற்கிறது.

நான் தோற்ற பாடத்தை எனக்குப் புரிய வைத்தவர் ஓர் உயிரியல்காரர். அன்று பிடித்த பழக்கம் இன்றுவரை விடவில்லை.

ஹால்டேன் 1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். தந்தையும் விஞ்ஞானிதான், சுரங்கங்களில் சேரும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். சிறு பையனாக இருந்த மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார். ஒருமுறை மீத்தேன் தேங்கி நின்ற ஓரிடத்தில் மகனை நிற்க வைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்து வசனம் ஒன்றைச் சொல்லச் சொன்னாராம். சில வரிகள் சொல்வதற்குள் பையனுக்கு மூச்சு முட்டிக் கால் மடங்கிவிட்டது. கீழே விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசு, மேலேதான் நிற்கும், தரையோரம் நல்ல காற்று இருக்கும். இந்தப் பாடத்தை அந்தப் பையன் ஆயுசுக்கும் மறப்பானா? நம் வீட்டில் அப்பா இப்படிச் செய்திருந்தால் அம்மா என்ன செய்திருப்பார் என்பது வேறு விஷயம்.

இன்னொரு சங்கதி, மதிப்பெண் குறைந்த தம்பிமார்கள் கவனிக்கவும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய உயிரியல் மேதைகளில் ஒருவரான இவரிடம் அறிவியல் பட்டம் எதுவும் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் படித்தது கணிதமும், கிரேக்க லத்தீன் இலக்கியமும் தத்துவமும்தான். பிறகு முதல் உலகப் போரில் சிப்பாய்களோடு கிடந்தார். கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்தார். 1933 முதல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியர். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வை, “இத்தனை தலைமுறையில் இவ்வளவு மாறும்” என்று கணக்குப் போட்டுக் காட்டிய மூவரில் ஒருவர். மற்ற இருவர் ஆர். ஏ. ஃபிஷரும் சூவால் ரைட்டும்.

அவருடைய கணக்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். ஹீமோபிலியா என்று ஒரு நோய். ரத்தம் சரியாக உறையாது. பெரும்பாலும் ஆண்களைத் தாக்கும். அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தவர்களில் பலர் பிள்ளை பெறும் வயதுவரை இருப்பதே அரிது. அப்படியானால் அந்தப் பழுதான மரபணு தலைமுறைக்குத் தலைமுறை குறைந்து மறைந்திருக்க வேண்டும் அல்லவா? மறையவில்லை. ஏன்?

ஓட்டைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, ஆனால் மட்டம் இறங்கவில்லை. பொறியாளர் என்ன சொல்வார்? “எங்கேயோ ஒரு குழாய் அதே அளவு தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது” என்பார். ஹால்டேனும் அதைத்தான் சொன்னார். ஒழுகுவதை அளந்தால் வரத்து தெரிந்துவிடும். புதிது புதிதாக மரபணு பழுதாகும் வேகத்தை அவர் 1935-ல் கணக்கிட்டார். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 50,000-ல் ஒன்று என்று வந்தது. டி.என்.ஏ.வின் வடிவமே தெரியாத காலம் அது. மரபணுவைக் கண்ணால் காணாமலே அது பழுதாகும் வேகத்தை ஒரு மனிதர் காகிதத்தில் கண்டுபிடித்தார்.

அவர் ஆசிரியராக எப்படிப்பட்டவர்? வகுப்பறை அவருக்குப் போதவில்லை. தொழிலாளர்கள் படிக்கும் ஒரு நாளிதழில் 300-க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகள் எழுதினார். குழந்தைகளுக்கு ஒரு மந்திரவாதிக் கதைப் புத்தகம் எழுதினார். தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்ல வேண்டும், அதுவும் புரியும்படி சொல்ல வேண்டும் என்பது அவருக்கு ஒரு நோன்பு மாதிரி.

மாணவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஜான் மேனார்டு ஸ்மித். இவர் பள்ளியில் படித்தபோது அங்கிருந்த ஆசிரியர்களுக்கு ஹால்டேனைக் கண்டாலே ஆகாது. “இவர்களுக்கு இவ்வளவு பிடிக்காத மனிதர் யார்?” என்று நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தை எடுத்தார். எந்தப் புத்தகம் தெரியுமா? அதே ‘பாசிபிள் வேர்ல்ட்ஸ்’! பிறகு கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்து, போர்க்காலத்தில் விமானங்களின் இறக்கை எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஹால்டேனிடம் போய் விலங்கியல் படிக்கச் சேர்ந்தார். விமானப் பொறியாளர், மறுபடி முதலாம் ஆண்டு மாணவர்! உயிரினங்களின் சண்டையையும் சமாதானத்தையும் விளையாட்டுக் கோட்பாட்டின் கணக்கால் விளக்கியவர் என்று பிற்காலத்தில் உலகம் அவரைக் கொண்டாடியது. நூலகத்தில் ஒரே புத்தகத்தை எடுத்தோம், அவர் எங்கேயோ போய்விட்டார், நான் இங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இருந்தாலும் பொறியாளர்களே, நமக்கு ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். 1939 ஜூன் 1-ம் தேதி. ‘தீட்டிஸ்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்துக்குப் போனது. சோதனை ஓட்டம் என்பதால் கட்டிய தொழிலாளர்களும் பொறியாளர்களும் ஏறியிருந்தார்கள். வழக்கமாக இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள், 103 பேர். டார்பிடோ குழாய்க்குள் கடல்நீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சின்னத் துளையோடு ஒரு சோதனைக் குழாய் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் வரக்கூடாது. திறந்தார்கள், வரவில்லை. உள்கதவைத் திறந்தார்கள், கடல் உள்ளே பாய்ந்தது. வெளிக்கதவு திறந்தே இருந்திருக்கிறது. சோதனைத் துளையில் பெயிண்ட் அடைத்துக்கொண்டிருந்ததால்தான் தண்ணீர் வரவில்லை. 99 பேர் இறந்தார்கள். தப்பியவர் நால்வர்.

தொழிற்சங்கங்கள் ஹால்டேனிடம் வந்தன. “உள்ளே அகப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டன. அவர் மேஜையில் உட்கார்ந்து ஊகம் எழுதவில்லை. இன்னும் நால்வரைச் சேர்த்துக்கொண்டு ஓர் இரும்பு அறைக்குள் தானே போய்ப் பூட்டிக்கொண்டார். கரியமில வாயு ஏற ஏற மூச்சு எப்படித் திணறுகிறது, தலை எப்படிக் கனக்கிறது என்று பல மணி நேரம் குறித்துக்கொண்டே இருந்தார். போர் வந்தபின் கடற்படைக்காக உயர் அழுத்த அறையில் சோதனைகள் செய்தார். அழுத்தத்தில் ஆக்சிஜனே விஷமாகும் என்பதைத் தன் உடம்பில் பார்த்தார். வலிப்பு வந்து முதுகெலும்பு நொறுங்கியது. செவிப்பறை கிழிந்தது. அவருடைய மனைவி, உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வேயும் அந்த அறைக்குள் போனவர்தான்.

இதை வீரம் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ‘தீட்டிஸ்’ கப்பலில் சோதனை நடந்தது. சோதனை நடந்ததாகச் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் துளை அடைத்திருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஹால்டேன் செய்தது நேர் எதிர். தான் பார்க்காத ஒன்றைத் தான் பார்த்ததாகச் சொல்ல மறுத்தார். சோதனை என்பதற்கு இந்த இரண்டு அர்த்தமும் உண்டு. நம் தொழிலில் எது நடக்கிறது என்பதுதான் கேள்வி.

1957-ல், பேராசிரியர் மஹலனோபிஸ் அழைப்பின் பேரில், ஹால்டேனும் ஹெலனும் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முந்தைய ஆண்டு சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் படையெடுத்தது அவருக்குப் பொறுக்கவில்லை. காலுறை போட்டு வாழ்ந்தது அறுபது வருஷம் போதும் என்றும் வேடிக்கையாகச் சொல்வாராம். வேட்டி, குர்த்தாவுக்கு மாறினார், சைவச் சாப்பாட்டுக்கு மாறினார், நம் புராண இதிகாசங்களைப் படித்தார். 1961-ல் இந்தியக் குடியுரிமை பெற்றார்.

வந்த இடத்தில் என்ன ஆராய்ச்சி செய்தார்? விலை உயர்ந்த கருவிகளுக்குப் பட்டியல் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. “இந்தியாவில் எவ்வளவு செடி, எவ்வளவு பூச்சி, எவ்வளவு பறவை! கண்ணும் பொறுமையும் ஒரு நோட்டும் இருந்தால் முதல்தரமான விஞ்ஞானம் செய்யலாம்” என்பது அவர் கட்சி. பிராணிகளைக் கொல்லாமல், அறுக்காமல் செய்யும் உயிரியல் இந்த நாட்டின் மனசுக்கு ஏற்றது என்றும் நம்பினார்.

எஸ். கே. ராய் என்ற இளைஞரைப் பவழமல்லிப் பூவின் இதழ்களை எண்ண வைத்தார். ஆமாம், நம் வீட்டு வாசலில் விடியற்காலையில் உதிர்ந்து கிடக்கிறதே, ஆரஞ்சுக் காம்பும் வெள்ளை இதழுமாக, அதே பூதான். எல்லாப் பூவுக்கும் ஒரே எண்ணிக்கையில் இதழ் இருக்காது. ஐந்து இருக்கும், ஆறு இருக்கும், ஏழு எட்டும் இருக்கும். மரத்துக்கு மரம் மாறுகிறதா? பருவத்தின் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசம் உண்டா? ஓர் உயிர் தன் உறுப்புகளின் எண்ணிக்கையை எவ்வளவு கண்டிப்பாகக் காப்பாற்றுகிறது? இந்தக் கேள்விகளுக்கு வேண்டிய கருவி ஒரு கூடை, ஒரு நோட்டு. அதே ராய், இரண்டு நெல் ரகங்களை அடுத்தடுத்து நட்டால் ஒன்று மற்றதன் விளைச்சலை எப்படிப் பாதிக்கிறது என்றும் பார்த்தார். 

டி. ஏ. டேவிஸ் என்பவர் தென்னை மரங்களைப் பார்த்தார். ஓலைகள் சில மரத்தில் இடம் சுழியாக ஏறும், சிலவற்றில் வலம் சுழியாக ஏறும். இது தாய்மரத்திலிருந்து கன்றுக்கு வருகிறதா? மரம் மரமாக எண்ணிப் பார்த்து, வரவில்லை என்று 1962-ல் எழுதினார். பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயர் தாங்கிய ஓர் ஆராய்ச்சி மையத்திலிருந்து அவர் கட்டுரைகள் வெளிவந்தன. சுரேஷ் ஜெயகர் ஹெலனோடு சேர்ந்து, மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக் குருவி தரையில் இட்ட முட்டையை எப்படி அடைகாக்கிறது என்று தூர உட்கார்ந்து பார்த்துக் குறித்தார்.

ஆந்திராவிலிருந்து கடிதம் எழுதி வந்து சேர்ந்த தாவரவியல் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, முதலில் வண்ணத்துப்பூச்சிகள் உண்ணிச்செடியின் எந்த நிறப் பூவைத் தேடிப் போகின்றன என்று எண்ணினார். அப்புறம் நம் எல்லோர் வீட்டிலும் உள்ள விஷயத்துக்கு வந்தார். தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது, அத்தை மகன், மாமன் மகள் சம்பந்தம் செய்வது. இதற்கும் கணக்கு உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு 16-ல் 1. தாய்மாமனை மணந்தால் 8-ல் 1. மறைந்திருக்கும் பழுது வெளியே வர அதுதான் வழி. பெரியவர்களைத் திட்டாமல், ஊரைக் கேலி செய்யாமல், ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் விசாரித்து அவர்கள் அதை ஆராய்ந்தார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால், நானும் பெயிண்ட் அடைத்த துளை ஆகிவிடுவேன்.

ஹால்டேன் பெரிய கோபக்காரர். வந்த சில வருஷத்திலேயே கல்கத்தா நிறுவனத்தை விட்டு விலகி, பிறகு 1962-ல் புவனேஸ்வரம் போனார். அது போகட்டும், மனிதர் என்றால் கோபம் இருக்கும். அவருடைய உண்மையான சறுக்கல் அதற்கும் முன்னால் நடந்தது. அவர் பல ஆண்டுகள் கம்யூனிஸ்ட். சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே பொய் என்று சொல்லி, அரசின் ஆதரவோடு மரபியல் விஞ்ஞானிகளை ஒழித்துக்கட்டினார். 1928-ல் ஹால்டேனைத் தன் நாட்டுக்கு அழைத்து உபசரித்த மாபெரும் தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1940-ல் கைதாகி, 1943-ல் சிறையிலேயே இறந்தார். 1948-ல் பி.பி.சி. வானொலி இது பற்றி நான்கு விஞ்ஞானிகளைப் பேசச் சொன்னது. மற்றவர்கள் லைசென்கோவைக் கண்டித்தார்கள். ஹால்டேன் மழுப்பினார். லைசென்கோ சொல்வதிலும் சில விஷயம் இருக்கலாம் என்கிற தோரணையில் பேசினார். உண்மை என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நாட்டில் அதிகம் பேர் இல்லை. பின்னால் கட்சியை விட்டு விலகினார். ஆனால் பேச வேண்டிய நேரம் போய்விட்டது.

அழுத்த அறைக்குள் பயப்படாமல் போன மனிதருக்கு, தன் கூட்டத்துக்கு எதிராக ஒரு வாக்கியம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். உண்டு, ஏனென்றால் நானும் அதையே செய்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு கட்டட வேலை. மூன்றாம் மாடியில் சன்ஷேடு. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகைக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும் என்பது இங்கே உள்ள முதல் வரிசைத் தம்பிக்கும் தெரியும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது கீழே இறங்கிவிடும். ஆகவே ஏறிப் பார்க்க வேண்டும். அன்று லாரி வந்து நின்றுவிட்டது, மழை வேறு வருகிற மாதிரி இருந்தது. நான் கீழே நின்றபடியே சீட்டில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். சென்ட்ரிங் பிரித்த அன்று சன்ஷேடு அப்படியே மடிந்து விழுந்தது. கீழே நின்ற சித்தாள் அம்மா ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்தது.

விசாரணை நடந்தது. கம்பி கட்டியவர் மீது பழி விழுந்தது. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன். என் கையெழுத்து மேஜையில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து மனசு கேட்காமல் அவர் தங்கியிருந்த இடத்துக்குத் தேடிப் போனேன். குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். அந்த அம்மாவைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். “இப்ப சொல்லி என்ன தம்பி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஏறிப் பார்க்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இது பெருமையில்லை, லேட்டாகக் கட்டுகிற கடன்.

தம்பி தங்கைகளே, இந்தப் பழக்கம் கட்டட வேலையில் எனக்கு வரவில்லை. இங்கே, நம் லேபில் வந்தது. சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதினோமே, கிராஃப் நேர்கோட்டில் வர வேண்டுமென்று இரண்டு புள்ளியை நகர்த்தினோமே, அங்கே ஆரம்பித்தது. யாருக்கும் நஷ்டமில்லை, பத்து மார்க் விஷயம் என்று நினைத்தோம். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதக் கை அங்கேதான் பழகியது. பேராசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும், உங்களுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கும்.

ஹால்டேனின் கடைசி நாட்களைச் சொல்லி முடிக்கிறேன். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் வந்தது. அந்தக் காலத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய். அவரோ லண்டனில் அறுவை முடிந்து படுத்திருந்தபோது அதைப் பற்றியே ஒரு நகைச்சுவைக் கவிதை எழுதி 1964-ல் பத்திரிகையில் போட்டுவிட்டார். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், சீக்கிரம் டாக்டரிடம் போங்கள் என்பதுதான் அதன் செய்தி. தன் மரணச் செய்தியைத் தானே பேசிப் பி.பி.சி.க்குப் பதிவு செய்தும் கொடுத்தார். 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேஸ்வரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காகப் போனது. ஆசிரியர் வேலையை அதற்குப் பிறகும் அவர் விடவில்லை.

இப்போது நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷ நன்கொடையில் என்ன கருவி வாங்கித் தரலாம் என்று காலையில் செயற்குழுவில் விவாதம் நடந்தது. வாங்கிக் கொடுங்கள், நானும் என் பங்கைத் தருகிறேன். அதோடு முதலாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கெட்டி அட்டை நோட்டு கொடுப்போம். அதில் ஒரே ஒரு விதி. தான் கண்ணால் பார்த்ததை, தேதி போட்டு, மையில் எழுத வேண்டும். தப்பாக வந்தால் தப்பாகவே இருக்கட்டும். அந்த நோட்டுக்கு மதிப்பெண் வேண்டாம் என்று முதல்வர் ஐயாவையும் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் வந்தால் பொய்யும் வந்துவிடும்.

எங்கே ஆரம்பிப்பது என்கிறீர்களா? நூலகத்துக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி, ஒரு பவழமல்லி மரம் இருக்கிறது. நான்கு வருஷம் அதன் நிழலில் உட்கார்ந்து அரட்டை அடித்தேன், ஒரு பூவைக்கூட எண்ணிப் பார்த்ததில்லை. இன்று காலை ஹாஸ்டலில் எழுந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு கை நிறைய அள்ளி, படியில் உட்கார்ந்து எண்ணினேன். நூறு பூ எண்ண அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எத்தனை பூவுக்கு எத்தனை இதழ் என்பது என் நோட்டில் இருக்கிறது. ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதைப் பார்த்து எழுதிவிடுவீர்கள்.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நான் அங்கே இருப்பேன். வருகிறவர்கள் வாருங்கள். பூ எல்லோருக்கும் போதும்.